அக்கா கேட்டு வாங்கிய வண்டி

என் அக்காவின் வேலை, மற்றவர்களுக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், முதல் மாடியில் அவளுக்கு ஒரு அறை. அந்த அறைக்குள் இன்னொரு சின்ன அறை. அதன் சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பட்டன். வந்தவரை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினால் வெளியுலகம் அப்படியே அறுந்து போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகம் மட்டும் தெரியும்.

"எவ்வளவு சின்னதா சத்தம் கேட்டாலும் பட்டனை அமுக்குங்க. கேக்கலேன்னா சும்மா இருங்க." இருபத்திரண்டு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"கேக்காதவங்கதான்டி நிறைய அமுக்குவாங்க," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "நான் ஒண்ணுமே அனுப்பியிருக்க மாட்டேன். ஆனா அமுக்குவாங்க. கேட்டுடாதான்னு ஒரு ஆசை."

அக்கா எப்போதுமே தரையிலிருந்து அரை அடி மேலே நடக்கிற ஆள். சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் வழியில் தெருவிளக்குக் கம்பத்தில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டும். "இது பாடுது, நீயும் கேளேன்," என்பாள். எனக்குக் கம்பத்தின் சூடுதான் தெரியும்.

ஆஸ்பத்திரி முன்பு ஊர் நடுவில்தான் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தார்கள். அதிலிருந்து அக்காவுக்குப் போக முப்பத்தெட்டு கிலோமீட்டர், வர முப்பத்தெட்டு. பதினோரு வருஷமாக அவளிடம் இருந்த சின்ன பைக் ஊருக்குள் ஓடுவதற்குப் பிறந்தது. நெடுஞ்சாலையில் லாரி ஒன்று முந்திப் போனால் அது ஒரு அடி தள்ளிப் போய் நின்று யோசிக்கும். வேகம் கூட்டினால் கைப்பிடி நடுங்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் அக்காவின் விரல்கள் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். டம்ளரைப் பிடித்தால் தண்ணீரில் வட்டம் போடும்.

அவள் ஆசை வேலைக்குப் போய் வருவதோடு நிற்கவும் இல்லை. மதிய இடைவேளையில் டிபன் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுச் சாலை வரைபடத்தை விரித்து வைப்பாள். பேனா மூடியால் ஏதோ ஒரு சாலையைத் தொட்டு, மலைக்குள் புகுந்து, ஏரியைச் சுற்றி, கடல் வரைக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டு போவாள். அடுத்த நோயாளி கதவைத் தட்டும்போது கடலில் இருப்பாள்.

அப்படி ஒரு மதியம் என்னைப் போனில் கூப்பிட்டாள். "ஒரு விளம்பரம் படிக்கறேன், கேளு. 'ஸ்போர்ட்ஸ் டூரர். பத்தொன்பது வயது. ஒரே கை ஓட்டியது. முதுகு ஒத்துழைக்காததால் கொடுக்கிறேன். ஓட்டத் தெரிந்தவர் மட்டும் வரவும்.'"

"அது என்ன டூரர்?"

"முகம் ரேஸ் வண்டி மாதிரி இருக்கும். ஆனா குப்புறப் படுத்துக்கிட்டு ஓட்ட வேணாம். முன்னாடி காத்தை வாங்கிக்க ஒரு கண்ணாடி, ரெண்டு பக்கமும் பெட்டி. காலைல ஏறினா சாயங்காலம் வரைக்கும் இறங்காம போகலாம்டி." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே குரல் எங்கோ போய்விட்டது.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள பாதி உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் போய் வந்தவர். பத்தொன்பது மாடி உயரத்தில் இருட்டுக் குழிக்குள் ஒரு பலகையில் நின்று வேலை பார்ப்பார். ஆனால் இரண்டு சக்கரத்தில் ஏறச் சொன்னால் முகம் வெளுத்துவிடும்.

"நாப்பத்தேழு வயசுல இது என்ன ஆசை?" என்றார் மாமா.

"நாப்பத்தெட்டுல வந்தா ஒத்துக்குவீங்களா?"

"நான் அதுக்குச் சொல்லலை. பழைய வண்டி. யார் எப்படி வெச்சிருந்தானோ. வழியில நின்னா?"

"நீங்க தினமும் மேலயும் கீழயும் போறீங்க. நான் கொஞ்சம் நேரா போயிட்டு வரேனே."

மாமா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அது அவருடைய 'முடியாது'. அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சின்ன பைக்கில் கிளம்பிவிட்டாள்.

வண்டிக்காரர் ஒரு பல் டாக்டர். அறுபது வயது இருக்கும். வீட்டோடு சேர்ந்த கிளினிக், பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் அது நின்றது. அடர்நீலம். சில இடங்களில் வெயில் பட்டு நிறம் மங்கியிருந்தது. முன்கண்ணாடியில் மெல்லிய கீறல்கள். அக்கா கிட்டே போகவில்லை. ஒரு நிமிஷம் தள்ளி நின்றே பார்த்தாள். தூங்குகிற பெரிய மிருகத்தை எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றாள்.

பிறகு போய்ப் புறங்கையை எஞ்சின்மேல் வைத்தாள்.

"டாக்டர், காலைல ஸ்டார்ட் பண்ணீங்களா?"

டாக்டர் கொஞ்சம் அசடு வழிந்தார். "ஆமாம்மா. எழுந்தவுடனே அது ரெண்டு தடவை இருமும். நீங்க பயந்துடக் கூடாதேன்னு..."

"பரவாயில்லை. ஆறட்டும். நான் காத்திருக்கேன்."

"ரெண்டு மணி நேரம் ஆகுமே!"

"லீவுதானே."

அப்படியே உட்கார்ந்தோம். டாக்டர் காபி கொண்டுவந்தார். பிறகு ஒரு கட்டு அட்டைகளைக் கொண்டுவந்தார். பல் நோயாளிகளுக்கு எழுதுகிற அதே அட்டை. நோயாளியின் பெயர் என்ற இடத்தில் 'நீலம்' என்று எழுதியிருந்தது. வயது, வந்த தேதி, புகார், சிகிச்சை. 'புகார்: முன் பிரேக் மெத்தென்று இருக்கிறது. சிகிச்சை: பிரேக் ஆயில் மாற்றப்பட்டது.' 'புகார்: ஒன்றுமில்லை. பரிசோதனைக்காக வந்தது.' பத்தொன்பது வருஷம். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு அட்டையாக, கடிதம் படிக்கிற மாதிரி படித்தாள். இடையிடையே ஊர் ஊராக அவர் போன கதைகளைக் கேட்டாள். பனி கொட்டிய ஒரு கணவாயில் எதிரே எதுவும் தெரியாமல், ஒரு லாரியின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி மூன்று மணி நேரம் போனாராம். கடைசியில் லாரி ஒரு வீட்டு வாசலில் போய் நின்றதாம். டிரைவர் இறங்கி, "நீங்க யாரு?" என்று கேட்டாராம்.

எஞ்சின் ஆறியது. அக்கா சாவியைத் திருப்பினாள். டாக்டர் சொன்ன மாதிரியே வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு, பிறகு ஆழமான, ஒரே சீரான குரலில் பேச ஆரம்பித்தது. கொட்டகையின் தகரம் லேசாக அதிர்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லக் குனிந்து வலது பக்கம் போனாள்.

"இங்க ஒரு டிக் டிக் இருக்கு."

"எங்க?"

"எஞ்சினுக்கு வலது பக்கத்துல. உள்ளேருந்து. சின்னதா."

டாக்டர் குனிந்து பார்த்தார். காதைக் கிட்டே கொண்டுபோனார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவள் விரல் காட்டிய இடத்தில் கவனித்ததும் எனக்குக்கூடக் கேட்டது. பக்கத்து அறைக் கடிகாரம் மாதிரி. டாக்டர் நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது. "விலையைக் குறைக்கணும்னா நேரா கேளுங்கம்மா. என் வண்டிக்கு இல்லாத வியாதியைச் சொல்லாதீங்க."

அக்காவை யாராவது அப்படிப் பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்வையால் அடக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தினாள். டாக்டருக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் இடது காதுக்குப் பக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தாள். சரக் சரக் என்று எனக்குக் கேட்டது. அவர் திரும்பவில்லை. வலது பக்கம் தேய்த்தாள். கொட்டகைக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, அசையவில்லை.

அக்கா முன்னால் வந்தாள். குரலைக் கூட்டாமல், உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "டாக்டர், நாளைக்கு என் ரூமுக்கு வாங்க. வண்டியை அப்புறம் பேசிக்கலாம்."

வரமாட்டார் என்று நான் நினைத்தேன். அக்கா சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே அவர் வந்துவிட்டாராம். பஞ்சுப் பலகை அறைக்குள் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கீழ் ஸ்தாயி ஒலிகளுக்கெல்லாம் சரியாக அமுக்கினார். அக்கா சுருதியை மேலே ஏற்ற ஏற்ற, அவர் விரல் தடுமாறியது. பிறகு அவள் எதுவும் அனுப்பாதபோதும் அமுக்க ஆரம்பித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார், பரீட்சையில் நன்றாக எழுதுகிற பிள்ளை மாதிரி.

அவருக்குக் கேட்டதை வைத்துக் காகிதத்தில் வரைந்து வந்த கோடு பாதி தூரம் நேராக வந்து, பிறகு படிக்கட்டில் இறங்குகிற மாதிரி கீழே போயிற்று.

"காத்து," என்றாள் அக்கா. "ஹெல்மெட்டுக்குள்ள நாள் முழுக்க இரைச்சல். அதோட உங்க பல் கடையற மெஷின். ரெண்டும் சேர்ந்து மேல் சத்தத்தை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

டாக்டர் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தாராம். "என் வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பா. நான்தான் அவ முணுமுணுன்னு பேசறான்னு திட்டுவேன்." பிறகு, "அப்போ அந்த டிக் டிக் நெஜம்."

"நெஜம்."

"எத்தனை நாளா இருக்கும்?"

"தெரியலை டாக்டர்."

"நீங்க வாங்காதீங்கம்மா," என்றார் அவர். நேற்று சண்டைக்கு வந்த அதே மனிதர். "நான் அட்டை அட்டையா எழுதி வெச்சிருக்கேன். ஆனா வண்டி இத்தனை நாளா என்கிட்ட சொன்னது எனக்குக் கேக்கவே இல்லை. வேற என்னென்ன விட்டேனோ."

"நான் வாங்கறேன்," என்றாள் அக்கா. "சத்தம் போடற கோளாறு நல்ல கோளாறு. எங்கன்னு அதுவே சொல்லுது பாருங்க."

அவளே போய் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுத் தெருமுனையில் திரும்பும்போதே அந்தக் குரல் கேட்டு மாமா வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு தடவை சுற்றி வந்தார். இன்னொரு தடவை சுற்றி வந்தார். உள்ளே போனவர் பேப்பரை எடுக்கப் போகிறார் என்று நினைத்தோம். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். அதன் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"நிறுத்தாதே. கொஞ்சம் ஏத்து. ம்... இறக்கு." கண்கள் மூடியிருந்தன. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வண்டியின் இரண்டு பக்கமும் நின்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. "உள்ளே ஒரு செயின் இருக்கு. அதை இழுத்துப் பிடிக்கற ஸ்பிரிங் தளர்ந்து போச்சு. அவ்வளவுதான். இதை இப்படியே ஓட்டக் கூடாது."

"சரி பண்ணிடலாமா?"

"லிப்ட்டுல இதைவிடப் பெரிசையெல்லாம் இழுத்துக் கட்டியிருக்கேன்," என்றார் மாமா, யாரோ தன்னைச் சந்தேகப்பட்ட மாதிரி.

பாகம் தபாலில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரைக்கும் மாமா பழுதுபார்க்கும் கையேட்டைச் சாப்பாட்டு மேஜையிலும் படித்தார். வண்டியைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் பழைய போர்வை ஒன்றை விரித்து, ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையில் அடுக்கினார். யாரையும் அந்தப் பக்கம் நடக்கவிடவில்லை. "மின்விசிறியைப் போடாதே!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். திருகாணி பறந்துவிடுமாம். சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தபோது எஞ்சினுக்குள் இருந்த அந்தக் கடிகாரம் நின்றுபோயிருந்தது. ஒரு திருகாணி மட்டும் போர்வையில் மிஞ்சியிருந்தது. அது கூடத்து ஓரத்தில் கிடந்த பழைய கட்டிலுடையது என்று தெரிவதற்குள் மாமாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

இதெல்லாம் சுகமாகவே போய்விடவில்லை. ஓட்ட ஆரம்பித்த முதல் வாரமே ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில், ஓடாமல் நிற்கும்போதே, அக்கா வண்டியைக் கீழே போட்டாள். இருநூற்றைம்பது கிலோ. கால் ஒரு சின்னக் குழியில் இறங்கியது, வண்டி சாய்ந்தது. "மெதுவாதான்டி சாஞ்சுது. நான் விடமாட்டேன்னு பிடிச்சேன். அது 'விடு'ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிச்சு," என்றாள். காவலாளியும் இரண்டு நர்ஸுகளும் ஓடிவந்து தூக்கினார்கள். கண்ணாடி உடையவில்லை, பெட்டியில் ஒரு கீறல். அதற்கடுத்த மூன்று நாள் சின்ன பைக்கிலேயே போனாள். நாலாவது நாள் ஒரு மைதானத்துக்குப் போய், புல்தரையில் தானே வண்டியைப் படுக்கவைத்து, முதுகைக் கொடுத்துக் காலால் உந்தித் தூக்கப் பழகினாள். ஏழு தடவை. நான்தான் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன்.

அதன் பிறகு சாலை அவளுக்கு வேறாக ஆனது. காதில் பஞ்சடைப்பான் வைத்து, ஹெல்மெட் மாட்டி, முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் காற்று தலைக்கு மேலே வழிந்து போகுமாம். லாரிகள் பக்கத்தில் வந்து, ஒரு பெரிய சுவர் நகர்கிற மாதிரி பின்னால் போகுமாம். காலை மஞ்சள் வெளிச்சத்தில் வயல்களுக்கு மேலே தாழ்ந்து கிடக்கும் பனிமூட்டம், அதிலிருந்து தலைமட்டும் நீட்டிய மின்கம்பங்கள், ஒரு கிணற்றடியில் நின்று தலை துவட்டும் பெண். எல்லாம் தானாக வந்து தானாகப் போகும். "நான் எங்கயும் போகலை. நான் உட்கார்ந்திருக்கேன். பூமிதான் அடியில ஓடுது," என்றாள். சாயங்காலம் தண்ணீர் டம்ளரைப் பிடித்தாள். தண்ணீர் அசையாமல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை வண்டியைப் பல் டாக்டரிடம் காட்டப் போனோம். இரண்டு காதுக்கும் பின்னால் சின்னதாகக் கருவி வைத்திருந்தார். வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வலது பக்கத்தில் காதை வைத்து, ஆவலாகக் கேட்டார்.

"இப்பவும் அந்த டிக் டிக் எனக்குக் கேக்கலையே!"

"இப்போ அது இல்லை டாக்டர். சரி பண்ணியாச்சு."

அவர் முகம் வாடியே போயிற்று. வாழ்க்கையில் ஒரே தடவை கேட்க நினைத்த சத்தத்தையும் நாங்கள் எடுத்துவிட்டோம். அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கிளம்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டாள்.

டாக்டர் கையைத் தூக்கினார். "இருங்க. அது என்ன?"

"எது?"

"இப்போ... டக் டக்னு. விளக்கு எரியறப்ப."

"இண்டிகேட்டர் சத்தம் டாக்டர்."

"இது எப்பவும் இருந்துச்சா?"

"எப்பவும்."

அவர் குழந்தை மாதிரி ஒரு தடவை வலது இண்டிகேட்டரைப் போட்டார், ஒரு தடவை இடது. பிறகு மறுபடியும். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த விடுமுறையில் அக்கா தன் மகளைக் கூட்டிவரக் கிளம்பினாள். பெண் ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். "அம்மா, பஸ்ல வந்துக்கறேன், நீ என் மானத்தை வாங்காதே," என்று அவள் போனில் சொன்னதாகவும், அக்கா "சரிம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டதாகவும் மாமா என்னிடம் சொன்னார். மாமா டயரில் காற்றை மூன்று தடவை பார்த்தார். பிறகு தெருவில் வண்டி மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று முழுவதும் அக்கா மலைகளைத் தாண்டிப் போனாள். வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வந்தன. வண்டி ஒவ்வொன்றிலும் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. நீளமான ஒரு மேகம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது, அதற்குள் புகுந்து நனைந்து வெளியே வந்தாள். ஹாஸ்டல் வாசலில் மகளின் தோழிகள்தான் முதலில் ஓடிவந்தார்கள். "இது உன் அம்மாவாடி?" என்று அவர்கள் கேட்ட விதத்தில் மகளின் மானம் எங்கோ மேலே ஏறிவிட்டது. மறுநாள் காலையில் பின்னால் ஏறிக்கொண்டாள். முதல் நூறு கிலோமீட்டர் அம்மாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தவள், பிறகு பிடியைத் தளர்த்தினாள், பிறகு தூங்கிவிட்டாள். அவளுடைய ஹெல்மெட் அம்மாவின் ஹெல்மெட்டில் மெல்ல மெல்ல முட்டிக்கொண்டே வந்தது.

நேராக வீட்டுக்கு வரவில்லை. வரைபடத்தில் மெல்லிய கோடாக மட்டும் இருந்த ஒரு சாலையில் அக்கா திரும்பிவிட்டாள். மதியம் ஒரு அணைக்கட்டின் கரையில் நிறுத்தி, பெரிய மரத்தடியில் கையுறைகளைத் தலைக்கு வைத்து இரண்டு பேரும் படுத்தார்கள். தண்ணீர் அசையவே இல்லை. எதிர்க்கரை மலை தலைகீழாக முழுசாகத் தெரிந்தது. ஐந்து நிமிஷம் என்று படுத்தவர்கள் வெயில் சாய்ந்த பிறகுதான் விழித்தார்கள்.

விழித்தபோது வண்டியைச் சுற்றி ஏழெட்டு மாடுகள் நின்றிருந்தன. ஒரு செவலைப் பசு, அவசரமே இல்லாமல், முன்கண்ணாடியை அடியிலிருந்து நுனிவரை நக்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் ஒட்டிய பூச்சியும் தூசியும் அதன் நாக்கோடு போயின.

"அம்மா, விரட்டும்மா!" என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இரு," என்றாள் அக்கா. படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னும் அந்த ஓரம் பாக்கி இருக்கு."